கைவண்ணமுள்ள பிள்ளைக்கு எந்தக் கல்லூரி?

(ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர், இளைஞர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கியதும், குடில் கட்ட நாம் யாரைத் தேடுகிறோம்? தாளைக் கசக்கி மலையாக்கவும், வைக்கோலைக் கூரையாக்கவும் தெரிந்த பிள்ளையைத் தேடுகிறோம். திருவிழாத் தேரை அலங்கரிக்கவும் அவனே வேண்டும். ஆனால் மே மாதத்தில் தேர்வு முடிவு வெளியாகி, அவன் 600-க்கு 310 வாங்கியிருக்கிறான் என்றதும், அதே பிள்ளையை "உருப்படாதவன்" என்று சொல்லிவிடுகிறோம். டிசம்பரில் பெருமை, மே மாதத்தில் பாரம்! இது நியாயமா என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டியது.

கோவிலம்பாக்கத்தைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. எப்படியாவது ஓர் இடம் வாங்கிவிடலாம் என்று நகையை அடகு வைக்கும் பெற்றோரை நாம் அறிவோம். கணக்கில் ஆர்வமே இல்லாத பிள்ளை நான்காண்டுகள் அங்கே அமர்ந்திருந்து, தவறிய பாடங்களைச் சுமந்துகொண்டு வெளியே வருகிறான். நகையும் மீளவில்லை, பிள்ளையும் மீளவில்லை. கடனை விடப் பெரிய நட்டம், "நான் எதற்கும் உதவாதவன்" என்ற எண்ணம் அவன் உள்ளத்தில் வேரூன்றிவிடுவதே.

சரி, வேறு வழி உண்டா? உண்டு. சென்னை எழும்பூருக்கு அருகே அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. பின்னர் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. மெரினாவில் 1959 முதல் நிற்கும் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, அப்பள்ளியின் முதல் இந்தியத் தலைவர். "நாயகன்" (1987), "இந்தியன்" (1996) ஆகிய படங்களுக்குக் கலை இயக்கத்தில் தேசிய விருது பெற்ற தோட்டா தரணியும் அங்கே பயின்றவரே. ஓவியம், சிற்பம், பீங்கான் கலை, துணி வடிவமைப்பு, காட்சித் தொடர்பு வடிவமைப்பு எனப் பல பிரிவுகள் அங்குண்டு. சேர்க்கையில் வரைதல் தேர்வும் உண்டு. அரசுக் கல்லூரியாதலால் கட்டணமும் குறைவு. பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூரில் இறங்கலாம். விடுதிச் செலவும் மிச்சம்.

கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. கல், மரம், உலோகம், சுதை ஆகியவற்றில் மரபுவழிச் சிற்பம் கற்க விரும்புவோருக்கு, 1957-ல் தொடங்கப்பட்ட மாமல்லபுரம் சிற்பக் கல்லூரி இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் நுண்கலைத் துறை உண்டு. லயோலா கல்லூரியில் காட்சித் தொடர்பியல் உண்டு. ஆயினும் அங்கே போட்டி கடுமை. தரமணியில் எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியும், தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமும் இருக்கின்றன. பின்னது மத்திய அரசின் நிறுவனமே ஆயினும் கட்டணம் குறைவன்று. கணக்குப் பார்த்துத்தான் இறங்க வேண்டும்.

"சாமி, படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?" என்று தகப்பனார் கேட்பார். அது தவறான கேள்வியன்று. குடும்பப் பொறுப்புள்ளவர் கேட்க வேண்டிய கேள்வி. இதற்கு விடையாக ஒருவரைச் சொல்வோம். கே. சி. எஸ். பணிக்கர் படிப்பை இடையில் நிறுத்தி, தந்தித் துறையில் வேலை பார்த்தவர். 1936-ல், இருபத்தைந்து வயதளவில், மேற்சொன்ன கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். பிற்காலத்தில் அதன் தலைவருமானார். அவரும் அவருடைய தோழர்களும் மாணவர்களும் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். ஓவியம் விலைபோகுமா என்று காத்திராமல், பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள்; அந்த வருவாய் அவர்களுக்குக் கைகொடுத்தது. ஒரு கையால் பிழைப்பு, மறு கையால் கலை! கலை படிக்கும் நம் பிள்ளைகளும் இப்படியொரு கைத்தொழிலைச் சேர்த்தே கற்க வேண்டும். கணினியில் வடிவமைப்பு, அச்சுப் பணி, புகைப்படம், பள்ளியில் ஓவியம் கற்பித்தல் என்று எதுவாகவும் இருக்கலாம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்குமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பட்டம் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தினுடையதா? பிள்ளைகள் கையால் வேலை செய்யப் பட்டறையும் கருவிகளும் உண்டா? சென்ற ஆண்டுகளில் படித்து வெளியேறியவர்கள் இன்று என்ன செய்கிறார்கள்? வண்ணம், தாள், கணினி எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? விளம்பரப் பலகையைப் பார்த்து முன்பணம் கட்ட வேண்டாம். வேலை நாளில் நேரில் சென்று, அங்குள்ள மாணவர்களிடமே கேளுங்கள்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கலை என்பது படிப்பிலிருந்து தப்பிக்கும் குறுக்குவழியன்று. வரைதல் தேர்வுக்கு முந்தின வாரம் பென்சிலைத் தேடுகிறவனுக்கு இடம் கிடைக்காது. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே நாள்தோறும் ஒரு படம் வரையுங்கள், தேதியிட்டுப் பத்திரப்படுத்துங்கள். அம்மாவின் கையை வரையுங்கள், ஏரிக்கரையை வரையுங்கள், பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்போரை வரையுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் தேர்ச்சி பெறவும் மறவாதீர்கள். அந்தக் கதவு திறக்காவிட்டால் மற்றவை திறப்பது கடினம்.

திருக்கூடாரத்தை அமைக்க இறைவன் பெசலேலை அழைத்தபோது, பொன்னிலும் மரத்திலும் வேலை செய்யும் திறமையைத் தம் ஆவியின் கொடையாகவே அவனுக்கு அளித்தார் என்று யாத்திராகமத்தில் வாசிக்கிறோம். அப்படியானால் நம் வீட்டுப் பிள்ளையின் விரல்களில் இருப்பதும் கொடையே அன்றோ? இந்த ஜூபிலி ஆண்டின் நினைவாக நம் வின்சென்ட் தே பவுல் சபையார், இத்தகைய ஏழைப் பிள்ளை ஒருவருக்கேனும் வண்ணமும் தாளும் விண்ணப்பக் கட்டணமும் கொடுத்து உதவ முன்வர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம். பெற்றோரே, இன்றிரவு உங்கள் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைக் கோபமின்றி ஒருமுறை பாருங்கள். அங்கே அவன் வரைந்து வைத்திருப்பதைப் பற்றி அவனிடமே கேளுங்கள்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.