வீட்டுப் பட்டறையில் ஒரு பழைய விமானம்

  

ஆகாய விமானம் என்றதும் நம் மனத்தில் தோன்றுவது பெரிய தொழிற்சாலை, கோடிக்கணக்கான பணம், பட்டம் பெற்ற பொறியியலாளர்கள். ஆனால் மரச்சட்டம், பசை, துணி, ஒரு மோட்டார் வண்டி இயந்திரம் ஆகியவற்றைக் கொண்டு, வீட்டுப் பட்டறையிலேயே விமானம் செய்து பறந்தவர்கள் உண்டு. இன்றும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஏறக்குறைய நூறு ஆண்டுப் பழமையுடைய வரைபடங்களை வைத்துக்கொண்டு அதே விமானத்தை மறுபடியும் செய்து பறக்கிறார்கள். அது எப்படி முடிகிறது, அதில் உள்ள ஆபத்து என்ன என்பதைத்தான் இன்று உங்களுடன் பேசப் போகிறேன்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் செர்ரி குரோவ் என்று ஒரு சின்னஞ்சிறு கிராமம். அங்கே வாழ்ந்தவர், 1901-இல் பிறந்த பெர்னார்ட் பீட்டன்போல். கல்லூரிப் படிப்பு இல்லாதவர். தாமாகவே தொழில் கற்ற மெக்கானிக். விமானம் பறக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு அளவற்று இருந்தது. விமான இயந்திரம் வாங்கப் பணம் இல்லை. ஆகவே ஃபோர்டு மோட்டார் வண்டியின் இயந்திரத்தையே விமானத்தில் பொருத்திப் பார்த்தார். 1920-களில் அவர் முதலில் எடுத்தது மாடல் டி இயந்திரம். அதற்கு வலு போதவில்லை. பிறகு 40 குதிரை வலு கொண்ட ஃபோர்டு மாடல் ஏ இயந்திரம் வந்தது. அதைப் பொருத்திய விமானம் 1929-இல் நன்றாகப் பறந்தது. அதற்கு 'ஏர் கேம்பர்' என்று பெயர்.

மோட்டார் வண்டி இயந்திரத்தை நம்பி வானில் பறக்க முடியாது என்று அக்காலத்துப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். பீட்டன்போல் அதை ஏற்கவில்லை. 1930-இல் தம் நண்பருடன் இரண்டு விமானங்களில் பறந்து மினியாப்பொலிஸ் நகரத்துக்கே போய் இறங்கிக் காட்டினார். கண்ணால் கண்ட ஆசிரியர் மனம் மாறினார். விமானத்தின் வரைபடங்கள் அச்சாகி வெளிவந்தன. வேலையில்லாத் திண்டாட்டம் நிறைந்த அந்தக் காலத்தில், பண்ணைக் கொட்டகைகளிலும் வண்டிப் பட்டறைகளிலும் பலர் அதைப் பார்த்து விமானம் செய்யத் தொடங்கினார்கள். பீட்டன்போல் 1984-இல் காலமானார். அவருடைய விமானத்தை இன்றும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இனி அதைச் செய்யும் முறையைப் பார்ப்போம்.

ஏர் கேம்பரின் இறக்கை ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை ஏறக்குறைய 29 அடி நீளம். அகலம் 5 அடி. அந்த இறக்கை கனமான பலகையால் ஆனதல்ல. இரண்டு நீண்ட முதன்மைச் சட்டங்கள். அவற்றின் குறுக்கே மனித உடலின் விலா எலும்புகளைப் போல சுமார் 30 மெல்லிய விலாக்கள். ஒவ்வொரு விலாவும் கால் அங்குலத்துக்கு அரை அங்குலம் உள்ள மெல்லிய ஸ்புரூஸ் மரக்குச்சிகளால் ஆனது. ஸ்புரூஸ் என்பது குளிர்நாட்டு மரம். எடை குறைவு, உறுதி அதிகம். எல்லா விலாவும் ஒரே வடிவில் இருக்க வேண்டுமல்லவா? அதற்காகப் பலகை ஒன்றின் மீது வடிவத்தை வரைந்து, கோட்டைச் சுற்றிச் சிறு கட்டைகளை ஆணியடித்து, ஓர் அச்சு செய்துகொள்கிறார்கள். குச்சிகளை வளைத்து அச்சில் வைத்து, மூட்டுகளில் மெல்லிய பிளைவுட் துண்டுகளைப் பசையிட்டு ஒட்டுகிறார்கள். மறுநாள் எடுத்துவிட்டு அடுத்த விலாவை வைக்கிறார்கள். நாளுக்கு ஒன்று என்றாலும் விலாக்களுக்கு மட்டுமே ஒரு மாதம் ஆகிவிடும்.

பசை விஷயத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மாணவர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும், விலாவை ஒட்டுவதோடு, வீணான இரண்டு மரத்துண்டுகளையும் அதே பசையால் ஒட்டி வைக்கிறார்கள். பசை நன்கு இறுகியதும் அந்தத் துண்டுகளைச் சுத்தியலால் அடித்து உடைத்துப் பார்க்கிறார்கள். மரம் பிளந்து, ஒட்டிய இடம் அப்படியே இருந்தால் பசை நல்லது. மரம் முழுசாக இருந்து, ஒட்டிய இடத்தில் பிரிந்துவிட்டால், அன்று ஒட்டிய விலாவும் நம்பத் தகுந்ததல்ல. அதை மறுபடி செய்ய வேண்டும். பார்வைக்கு இரண்டு விலாவும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எது தாங்கும், எது தாங்காது என்பதை அந்த உடைந்த துண்டுதான் சொல்லும்.

சட்டங்கள் முடிந்ததும் துணி போர்த்துவார்கள். முன்னாளில் பருத்தித் துணி அல்லது லினன். இந்நாளில் பெரும்பாலும் பாலியஸ்டர் துணி. துணியை இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கினால் அது சுருங்கி முரசுத்தோல் போல விறைக்கும். பிறகு நீண்ட ஊசியை இறக்கையின் மேலிருந்து கீழாகக் குத்தி, மறுபடி கீழிருந்து மேலாக எடுத்து, துணியை ஒவ்வொரு விலாவோடும் முடிச்சிட்டுத் தைக்கிறார்கள். தைக்காமல் விட்டால், மேலே ஓடும் காற்று துணியை விலாவிலிருந்து உரித்துவிடும். தையற்கலை தெரிந்த தாய்மார்களுக்கு ஒன்று சொல்கிறேன்: 1903-இல் முதன்முதல் பறந்த ரைட் சகோதரர்களும் தங்கள் இறக்கைத் துணியைத் தையல் இயந்திரத்தில் தாங்களே தைத்தவர்கள்தாம்.

அடுத்து, எடைச் சமநிலை. காண்டாக் கம்பில் இரு பக்கமும் பால் வாளி தொங்கவிட்டுச் சுமந்த பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு வாளி கனத்தால் தோளை அந்தப் பக்கம் தள்ளிக் கொடுக்க வேண்டும். விமானத்துக்கு இறக்கைதான் தோள். ஏர் கேம்பரின் முழு எடையும் சமமாக நிற்கும் புள்ளி, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 15 முதல் 20 அங்குலத்துக்குள் அமைய வேண்டும். சக்கரங்களுக்கும் வாலுக்கும் கீழே தராசு வைத்து நிறுத்து, எடையைத் தூரத்தால் பெருக்கி, கூட்டி வகுத்து அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்கிறார்கள். இது ஆரம்பப்பள்ளிக் கணக்குத்தான். ஓட்டுபவர் பருமனானவராக இருந்தால் புள்ளி பின்னால் போய்விடும். அப்போது இறக்கையையே சில அங்குலம் பின்னுக்குத் தள்ளிப் பொருத்துவார்கள். கணக்குப் பார்க்காமல் பறந்தால், மூக்கு மேலே தூக்கிக்கொண்டு விமானம் கட்டுப்பாட்டை இழக்கும்.

நேயர்களே, எல்லாருடைய கதையும் பீட்டன்போலின் கதை போல் அமையவில்லை. பிரான்சு நாட்டில் ஆன்றி மிஞே என்பவர் 1933-இல் ஒரு மிகச் சிறிய விமானம் செய்தார். 'வானத்துப் பேன்' என்று பொருள்படும்படி அதற்குப் பெயர் வைத்தார். செய்முறையைப் புத்தகமாக எழுதினார். புத்தகம் அமோகமாக விற்றது. பிரான்சிலும் இங்கிலாந்திலும் ஏராளமானோர் ஆர்வத்தோடு செய்யத் தொடங்கினார்கள். பிறகு விபத்துகள் வந்தன, பலர் உயிரிழந்தார்கள். இறந்தவர்களுடைய கைவேலையில் குறை இருந்ததா என்று பார்த்தார்கள். பிறகு விமானத்தையே காற்றுக்குகை எனப்படும் சோதனைக் கூடத்தில் வைத்து ஆராய்ந்தபோது உண்மை புலப்பட்டது. முன்னும் பின்னுமாக இரண்டு இறக்கைகள் நெருங்கி அமைந்திருந்தன. மூக்கு ஓர் அளவுக்கு மேல் கீழே சாய்ந்துவிட்டால், ஓட்டுபவர் என்ன செய்தாலும் அது நிமிராது. குற்றம் வரைபடத்திலேயே இருந்தது. 1936-இல் இங்கிலாந்தில் அந்த விமானம் பறப்பது நிறுத்தப்பட்டது. மிஞே தம் அமைப்பைப் பிற்பாடு திருத்திக்கொண்டார். ஆயினும் போன உயிர்கள் போனவைதாம்.

ஆர்வம் இருந்தால் போதும், நாமே எதையும் செய்துவிடலாம் என்று எண்ணுவோர்க்கு இது ஓர் எச்சரிக்கை. ஒருவர் செய்ததை இன்னொருவர் கண் வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் வீட்டில் விமானம் செய்வோர் 1953-இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். மில்வாக்கி நகரத்தில் பால் போபரெஸ்னி என்பவர் அதைத் தொடங்கினார். 1970 முதல் ஆஷ்காஷ் என்னும் ஊரில் அதன் ஆண்டு விழா நடந்து வருகிறது. அனுபவசாலிகளான உறுப்பினர்கள் புதியவர்களின் பட்டறைக்குக் கூலியின்றி வந்து, துணி போர்த்துவதற்கு முன்னரே உள்வேலையைச் சோதிக்கிறார்கள். போர்த்திய பிறகு பார்த்தால் என்ன தெரியும்? இதற்குமேல் அரசாங்கத்தின் சோதனையும் உண்டு. அது முடிந்து அனுமதி கிடைத்தபின்பும், முதல் 25 அல்லது 40 மணி நேரம் குறிப்பிட்ட எல்லைக்குள், பயணி யாரையும் ஏற்றாமல் பறந்து காட்ட வேண்டும் என்பது அங்குள்ள வழக்கமான விதி. ஆகவே, இந்த நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு யாரும் அனுமதியின்றி, ஆசிரியரின்றி இதில் இறங்கிவிடக் கூடாது.

விமானம் தயாரானாலும், அதை ஓட்டக் கற்பது தனிப் பாடம். அமெரிக்காவில் தனியார் விமானி உரிமம் பெறக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஆசிரியர் பக்கத்தில் இருக்கும் வேறொரு விமானத்தில்தான் கற்கிறார்கள். பழைய அமைப்புள்ள விமானத்துக்குச் சில தனிக் குணங்கள் உண்டு. தரையில் நிற்கும்போது வால் தாழ்ந்து, மூக்கு நிமிர்ந்திருக்கும். பின் இருக்கையில் அமரும் விமானிக்கு நேர் எதிரே உள்ளது தெரியாது. அதனால் தரையில் ஓட்டும்போது பாம்பு போல வளைந்து வளைந்து போய், இரு பக்கமும் எட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். கால்கள் சுக்கான் மிதியில் எப்போதும் விழிப்பாக இருக்க வேண்டும். சற்று அயர்ந்தால் வால் சுற்றிக்கொண்டு முன்னே வந்துவிடும்.

வேகம் மிகக் குறைந்துவிட்டால் இறக்கையின் தூக்கும் சக்தி போய்விடும். விமானம் கீழே விழத் தொடங்கும். அப்போது பிடிக்கோலைத் தன்பக்கம் இழுத்து மூக்கை மேலே தூக்கத்தான் மனம் துடிக்கும். அப்படிச் செய்தால் நிலைமை இன்னும் மோசமாகும். கோலை முன்னே தள்ளி, மூக்கைத் தாழ்த்தி, வேகத்தைப் பெற்ற பிறகே மேலே வர வேண்டும். அச்சம் சொல்வதற்கு நேர் எதிரானதைச் செய்யப் பழகுவதுதான் இந்தப் பயிற்சியின் பெரும்பகுதி. உயரத்தில், ஆசிரியருடன், திரும்பத் திரும்பச் செய்து அதைக் கை பழகிக்கொள்கிறது.

இவ்வாறு ஒரு விமானம் செய்து முடிக்கப் பலருக்கு நான்கைந்து ஆண்டுகள் ஆகின்றன. பத்து ஆண்டுகள் ஆனவர்களும் உண்டு. வேலை முடிந்து வந்து, இரவில் ஒரு மணி நேரம், ஓய்வுநாளில் சில மணி நேரம் என்று செய்கிறார்கள். பாதியில் விட்டவர்களும் பலர்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை பழைய சைக்கிளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தால், உடனே கோபித்துக்கொள்ளாதீர்கள். பிரித்ததை முறையாகச் சேர்க்கிறானா, சேர்க்கிறாளா என்று பாருங்கள். காகிதத்திலும் மூங்கிலிலும் ஒரு சிறு விமானம் செய்யச் சொல்லுங்கள். மூக்கில் சிறிது களிமண் வைத்தால் எப்படிப் பறக்கிறது, வாலில் வைத்தால் எப்படி விழுகிறது என்று பார்க்கட்டும். இன்று நான் சொன்ன சமநிலைக் கணக்கு அதிலேயே விளங்கிவிடும். கணக்குப் பாடத்தையும் அறிவியல் பாடத்தையும் தேர்வுக்காக மட்டும் படிக்கும் பிள்ளைக்கு, அவை எதற்குப் பயன்படுகின்றன என்பது அப்போது கண்முன் தெரியும். தச்சு, தையல், இயந்திரம் பழுது பார்த்தல் ஆகிய கைத்தொழில்கள் எதுவும் தாழ்ந்ததல்ல என்பதும் தெரியும்.

மாணவர்களே! பசை ஒட்டும்போதெல்லாம் ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். விடை எழுதியதும் ஒருமுறை சரிபாருங்கள். செய்ததை மற்றவரிடம் காட்டத் தயங்காதீர்கள்.