இணையத்தளமும் இளைஞர் கடமையும்



சைவ நூல்களைப் பரப்பும் பொருட்டு ஆறுமுக நாவலர் அவர்கள் 1849ஆம் ஆண்டிற் சென்னை சென்று அச்சியந்திரம் கொணர்ந்தார்கள். இன்றோ அச்சுக்கூடம் இன்றியே நம் சங்கச் செய்திகளை உலகெங்கும் அனுப்பலாம். 2003ஆம் ஆண்டில் வெளிவந்த வேர்ட்பிரஸ் என்னும் உள்ளடக்க முகாமைத்துவ மென்பொருள் இலவசமாகவே கிடைக்கின்றது. அதில் எழுத்து வேறு, தோற்றம் வேறாக இருத்தலின், நிரலாக்கம் அறியாதவரும் கட்டுரை வெளியிடலாம். தோற்றத்தை மாற்றினும் கட்டுரை அழியாது.

ஆயினும் கோயிலைக் கட்டினால் மட்டும் போதுமா? நித்திய பூசையும் நடைபெறல் வேண்டும். தளமும் அவ்வாறே. மென்பொருளைப் புதுப்பியாவிடிற் கள்வர் புகுவர்; முகவரிக்குரிய ஆண்டுக் கட்டணம் செலுத்தாவிடில் தளம் மறையும்; பிரதி எடுத்து வையாவிடில் இழந்ததை மீட்டல் அரிது. கடவுச்சொல்லை ஒருவரே வைத்திருந்து, அவர் கடல் கடந்து சென்றுவிடின், சங்கத்தின் கதவு சங்கத்துக்கே அடைபடும்.

ஆதலால் இருவராவது நிருவாகிகளாக இருத்தல் வேண்டும். ஏனையோர் பதிப்பாசிரியர், எழுத்தாளர் என அம்மென்பொருளே வகுத்துள்ள பொறுப்புகளை ஏற்றுப் பயிலுதல் வேண்டும். பழைய வரலாற்றைச் சொல்லப் பெரியோர் உளர். அதனைப் பதிவேற்ற இளைஞர் உளர். இரு சாராரும் கூடின் நம் சங்க வரலாறு நிலைக்கும்.