பிள்ளையோடு விசுவாசமும் புறப்படட்டும்



நம் பிள்ளைகள் திருச்செங்கோட்டு ரிக் வண்டியேறி வடநாடு செல்கிறார்கள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். அங்கே ஜெபத்துக்கு எழுப்பத் தாய் இல்லை. வெறும் பழக்கமாய் வந்த விசுவாசம் அங்கே வாடிவிடும்.

புனித தேவசகாயம் பிறப்பால் கிறிஸ்தவரல்லர். திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகத்தில் இருந்தபோது, 1745-இல் தமது 33-ஆம் வயதில், வடக்கன்குளத்தில் தாமே விரும்பி ஞானஸ்நானம் பெற்றார். மனைவியோடு குடும்பம் நடத்திய பொதுநிலையினர் அவர். தாமே தேடிப் பெற்றதைச் சித்திரவதைக்கு அஞ்சி அவர் விட்டுவிடவில்லை. 1752-இல் காற்றாடிமலையில் உயிரையே கொடுத்தார்.

இளைஞர்களே, பெற்றோர் தந்த விசுவாசத்தை நீங்களும் விரும்பிக் கேட்டு உங்களுடையதாக்குங்கள். போய்ச் சேர்ந்த ஊரில் முதல் ஞாயிறே கோயிலைத் தேடுங்கள்.

பெற்றோரே, போனில் "சாப்பிட்டாயா, சம்பளம் வந்ததா?" என்கிறீர்கள். "பூசைக்குப் போனாயா?" என்றும் கேளுங்கள். வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து ஜெபித்தவர்களுக்கே அப்படிக் கேட்க வாய் வரும்.