ஏழு நாள் முகாமை எந்தத் தெருவில் போடுவது?

(பொதட்டூர்பேட்டையில் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தறிச் சத்தத்துக்கு நடுவே படித்து, பேருந்து பிடித்துத் திருத்தணிக்கும் அதற்கு அப்பாலும் கல்லூரிக்குப் போகிறவர்கள் நீங்கள். பலருடைய வீட்டில் நீங்கள்தான் முதல் பட்டதாரி. உங்களைப் பார்த்து ‘சேவை செய்யுங்கள்’ என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. ஏனென்றால் இந்த நாட்டில் ஒரு பகுதி மக்களிடம் கூலி கொடுக்காமல் வேலை வாங்கியதற்கே ஊழியம் என்று பெயர் வைத்திருந்தார்கள். பறை அடி, செத்த மாட்டைத் தூக்கு, சாவுச் செய்தி கொண்டுபோ என்றார்கள். அதற்கெல்லாம் யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணி, அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். நல்ல திட்டம்தான். நடப்பது என்ன? பல முகாம்களில் கோயில் வாசலைப் பெருக்குகிறோம், பள்ளிக்கூட மைதானத்தில் மரக்கன்று நடுகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். காலனித் தெருவுக்குள் கால் வைக்காமலே ஏழு நாளும் முடிந்துவிடுகிறது.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையில் கூட்டத்தை ஒழுங்குபடுத்த, தண்ணீர் கொடுக்க மாணவர்கள் போகிறீர்கள். மகிழ்ச்சி. காவடிகள் இறங்கிப் போன பிறகு மலையளவு குப்பையை அள்ளுகிறவர் யார், எந்தச் சாதி, கையுறை இருக்கிறதா, நாள்கூலி எவ்வளவு என்று யாராவது கேட்டிருக்கிறோமா? நீங்களும் துடைப்பம் எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இலவசமாக நாம் பெருக்கினால் அவர்கள் கூலிக்குத்தான் ஆபத்து. அந்தக் கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுவாக எழுதிப் போடலாம். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டம் இருக்கிறது; சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதைத் துப்புரவுத் தொழிலாளர் வீட்டில் உட்கார்ந்து படித்துக் காட்ட ஒரு மாணவர் போதும்.

அமெரிக்காவில் 1964 கோடையில் பல நூறு கல்லூரி மாணவர்கள் மிசிசிப்பிக்குப் போனார்கள். பெரும்பாலும் வெள்ளையர்கள். கறுப்பின மக்களின் வீடுகளில் தங்கி, அவர்கள் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டு, வாக்காளர் பதிவுக்கு உதவினார்கள், பள்ளி நடத்தினார்கள். வேலைத்திட்டத்தை வகுத்தது கறுப்பின மக்களின் இயக்கம். மாணவர்கள் அதன்படி நடந்தார்கள். சேனி, குட்மன், ஷ்வெர்னர் என்ற மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். அங்கிருந்து பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிய மாரியோ சாவியோ அதே ஆண்டு பேச்சுரிமைப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கினார். தொண்டால் மாணவருக்கு என்ன லாபம் என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்வேன். வேலைக்கான விண்ணப்பத்தில் ஒரு வரி கூடும், அது இருக்கட்டும். தாசில்தார் முன் தலைநிமிர்ந்து பேசவும், அரசாணையைப் படித்துப் புரிந்துகொள்ளவும் வகுப்பறை கற்றுத் தருவதில்லை.

நம் வட்டாரத்துக்கும் முன்மாதிரி உண்டு. மங்கலங்கிழார் இந்தப் பக்கத்து ஊர்களில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். வடக்கெல்லைப் போராட்டத்தில் ம.பொ.சி.யோடு நின்றவர். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. மாநில எல்லையைத் தீர்க்கப் படாஸ்கர் வந்தார். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கிற எல்லைக்கு எந்தப் படாஸ்கரும் வரவில்லை.

ஆகவே அடுத்த சிறப்பு முகாமைக் காலனியில் போடச் சொல்லிப் பேராசிரியரிடம் கேளுங்கள். அங்கேயே தங்குங்கள், அங்கே சமைப்பதைச் சாப்பிடுங்கள். வீட்டில் சிலருக்குத் திட்டு விழும், தெரியும். என்ன வேலை வேண்டும் என்று முதலில் அந்தத் தெருப் பெண்களைக் கேளுங்கள். கல்வி உதவித்தொகை விண்ணப்பமாக இருக்கலாம், சாதிச் சான்றிதழாக இருக்கலாம், குடிநீர்க் குழாயாக இருக்கலாம். காலனியிலிருந்து வந்திருக்கிற தோழர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: முகாமில் பாத்திரம் கழுவும் வேலை மட்டும் உங்களுக்கு வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தகவல் உரிமை மனு எழுத ஒரு மாதிரிப் படிவம் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் இங்கேயே உட்கார்ந்து முதல் மனுவை எழுதிவிடலாம்.