டைம்ஷேர்: கம்பெனியில் வாங்குவதா, கைமாற்றி வாங்குவதா?

(சங்கக் கூட்டத்தில் பேசியது)



நம் குடியிருப்பில் இரண்டு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "சார், ரிட்டயர்மென்ட் பணம் வந்திருக்கு. டைம்ஷேரை கம்பெனியிலேயே வாங்கலாமா, இல்லை யாராவது விற்கிறதைக் குறைந்த விலைக்கு வாங்கலாமா?" எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே சொல்கிறேன்.

டைம்ஷேர் சென்னைக்குப் புதிதல்ல. ஸ்டெர்லிங் 1986-லும் கிளப் மஹிந்திரா 1996-லும் தொடங்கின. கிளப் மஹிந்திராவின் பழக்கமான திட்டம் 25 ஆண்டு, ஆண்டுக்கு ஏழு இரவு. ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று சீசன் உண்டு. நீலம் வாங்கியவர் மே மாத விடுமுறையை எதிர்பார்க்க முடியாது. இப்படிப்பட்ட திட்டங்களில் நாம் வாங்குவது தங்கும் உரிமை மட்டுமே. மனையோ கட்டடமோ நம் பெயருக்கு வராது.

இப்போது கணக்கு. தொகைகள் உதாரணத்துக்குத்தான்.

புதிது: விலை 4 லட்சம், 25 ஆண்டில் 175 இரவு. ஓர் இரவுக்கு சுமார் 2,286 ரூபாய். ஆண்டுச் சந்தா 21,000 என்றால் இரவுக்கு 3,000. மொத்தம் 5,286.

கைமாறியது: விலை 1 லட்சம், பெயர் மாற்றக் கட்டணம் 40,000, மீதி 10 ஆண்டு, அதாவது 70 இரவு. இரவுக்கு 2,000. சந்தா அதே 3,000. மொத்தம் 5,000.

விலை கால்வாசிதான். ஆனால் இரவுக்கு மிச்சம் 286 ரூபாய்! காரணம் சந்தா. போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும். அதுவும் ஏறிக்கொண்டே போகும்.

அதே 4 லட்சத்தை 7 சதவீத வைப்பு நிதியில் போட்டால் வட்டி 28,000. கட்டாத சந்தாவையும் சேர்த்தால் ஆண்டுக்கு 49,000. இரவுக்கு 7,000 ரூபாய் அறையில் ஒரு வாரம் தங்கலாம். முதலும் அப்படியே இருக்கும். அறை வாடகை கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு வருடம் போகாவிட்டால் நமக்கு நஷ்டம் இல்லை.

நானே ஒரு நிறுவனத்தில் சேர்ந்து ஏமாந்தவன். பன்னிரண்டு வருடம் சந்தா கட்டினேன். போனது நான்கு முறை. விற்கப் போனால் கட்டியதில் கால்வாசிக்குத்தான் கேட்டார்கள். "வாங்க ஆள் இருக்கு, பதிவுக் கட்டணம் அனுப்புங்க" என்று போன் வேறு வந்தது. நல்லவேளை, அனுப்பவில்லை. நீங்களும் அனுப்பாதீர்கள்.

வருடா வருடம் நிச்சயம் போகிறவர்கள் வாங்கத்தான் வேண்டும் என்றால், கைமாற்றி வாங்குவதில் முடங்கும் பணம் குறைவு. ஆனால் பணம் கொடுக்கும் முன் நான்கைக் கம்பெனியிடமே எழுத்தில் வாங்குங்கள்: பெயர் மாற்றச் சம்மதமும் அதற்கான கட்டணமும், சந்தா பாக்கி எவ்வளவு, மீதி ஆண்டும் சீசனும், பழைய உறுப்பினரின் சலுகைகளில் எவை நமக்கு வரும்.

புதிதாக வாங்குகிறவர்கள் இலவசப் பரிசு கொடுக்கும் கூட்டத்திலேயே கையெழுத்துப் போட வேண்டாம். எத்தனை நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று கேளுங்கள். ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்; சேர்ந்து படிப்போம்.