உங்கள் வீட்டுப் பிள்ளையின் இசை யாருக்குச் சொந்தம்?

(சுபாங் ஜெயாவில் பெற்றோர்களிடமும் இளைஞர்களிடமும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பார்த்தாலே உங்களுக்குப் போலீஸ் லாக்கப், பிறப்புப் பத்திரம், சிவப்பு ஐசி, கோயில் நிலம் இவைதான் ஞாபகத்துக்கு வரும். இன்று அவை இல்லை. ராத்திரி இரண்டு மணி வரை காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறானே, உங்கள் வீட்டுப் பையன், அவனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "வேலை விட்டு வந்து தூங்காமல் என்னத்தையோ தட்டிக்கொண்டே இருக்கிறான் சார்" என்று ஓர் அம்மா என்னிடம் குறைபட்டுக்கொண்டார். அவன் தட்டிக்கொண்டிருப்பது சொத்து, அம்மா. அது யார் கைக்குப் போகிறது என்பதுதான் நம் கவலை.

முதலில் ஒரு தமிழ்ப் பெண்ணின் கதை. மாதங்கி அருள்பிரகாசம். உலகம் அவரை எம்.ஐ.ஏ. என்று அறியும். 1975-இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக இலங்கைக்குப் போய், போர் முற்றிய பிறகு 1986-இல் தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் அகதியாக மறுபடியும் லண்டனுக்கு வந்தவர். குடியிருந்தது ஃபிப்ஸ் பிரிட்ஜ் எஸ்டேட். எஸ்டேட் என்றதும் பால்மரம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஊரில் ஏழைகளுக்கு அரசாங்கம் கட்டிக்கொடுக்கும் அடுக்குமாடிக்கும் அதே பெயர்தான். நமக்கும் எஸ்டேட், அவர்களுக்கும் எஸ்டேட். தாயார் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார்.

இந்தப் பெண் சங்கீதம் படித்தவர் அல்ல, சினிமா படித்தவர். ஒரு பழைய நான்கு தட ஒலிப்பதிவுக் கருவி, ஒரு மைக், ரோலண்ட் கம்பெனியின் எம்சி-505 என்ற பெட்டி, இவ்வளவுதான் மூலதனம். தாளம், பேஸ், மெட்டு எல்லாவற்றையும் விரலால் தட்டித் தட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பெட்டி அது. 2003-இல் 'கலாங்' என்ற பாட்டு வெறும் 500 இசைத்தட்டுகளாக வெளிவந்தது. 2004-இல் பிறர் பாட்டுகளின் துண்டுகளோடு தன் குரலையும் சேர்த்து ஒரு மிக்ஸ்டேப் செய்தார். அனுமதி வாங்கிய சரக்கு அல்ல அது. கைக்குக் கை பரவியது. 2005-இல் முதல் ஆல்பம் 'அருளர்', தந்தையின் பெயர். 2007-இல் இரண்டாவது, 'கலா', தாயின் பெயர். லண்டன் கடைகளிலும் நியூயார்க் கடைகளிலும் இரண்டு தமிழ்ப் பெற்றோரின் பெயர்கள் அட்டையில் நின்றன. அவருடைய பேச்சுகள் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் இதை நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

பிறகும் அவர் பகிர்வதை விடவில்லை. 2010 டிசம்பர் 31 அன்று ஒரு முழு மிக்ஸ்டேப்பை இணையத்தில் இலவசமாகப் போட்டார். கொடுப்பதும் உரிமையாளர் செய்யக்கூடிய காரியந்தான். தன்னுடையதை ஒருவர் கொடுப்பது வேறு, தன்னுடையது என்றே தெரியாமல் பறிகொடுப்பது வேறு.

அவருக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்த 'பேப்பர் பிளேன்ஸ்' 2008-இல் அமெரிக்கப் பாடல் வரிசையில் நான்காம் இடம் வரை ஏறியது. அந்தப் பாட்டின் அடியில் ஓடும் இசை, கிளாஷ் என்ற ஆங்கிலக் குழு 1982-இல் செய்த பாட்டிலிருந்து எடுத்த துண்டு. அதனால் பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் கிளாஷ் குழுவினர் நான்கு பேரின் பெயரும் உண்டு. பெயர் இருக்கும் இடத்துக்குப் பங்கும் போகும். மிக்ஸ்டேப்பில் துண்டு போடுவதும் விற்பனைப் பாட்டில் துண்டு போடுவதும் ஒன்றல்ல என்று அவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். தம்பிகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டுக்குள் இரண்டு உரிமை இருக்கிறது. மெட்டுக்கு ஒன்று, அந்த ஒலிப்பதிவுக்கு ஒன்று. நீங்கள் விற்பனைக்கு விடும் பாட்டில் இளையராஜா துண்டு இருந்தால் இரண்டுக்கும் அனுமதி வேண்டும். காசு வாங்கவில்லை, சும்மாதான் இணையத்தில் போட்டேன் என்பது சட்டத்தில் முழுப் பாதுகாப்பு ஆகாது.

அதே பெண் 2006-இல் விட்ட 'பேர்ட் ஃப்ளூ' பாட்டைக் கேளுங்கள். உள்ளே இருப்பது உறுமி. சென்னைக்குப் போய் நம் மேளக்காரர்களை வைத்துப் பதிவு செய்தது. பத்துமலையில் கேட்கிறோமே, அதே உறுமி. நாம் இப்போது நிற்கும் இந்த மண் சீஃபீல்டு ரப்பர் தோட்டமாக இருந்தபோது திருவிழாவுக்குத் திருவிழா இங்கே அடித்த உறுமி. 1976-இல் இங்கே வீடமைப்பு தொடங்கியது, 2020-இல் சுபாங் ஜெயா மாநகரமும் ஆகிவிட்டது. தோட்டத்தில் அடித்த தாளத்தை யாரும் யார் பெயரிலும் எழுதி வைக்கவில்லை.

பழைய தாளம் பொதுச் சொத்து, சரி. ஆனால் அதை அடிக்கிறவரின் நிகழ்ச்சி பொதுச் சொத்து அல்ல. 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 16ஏ என்று ஒரு பிரிவு பின்னால் சேர்க்கப்பட்டது. நேரடி நிகழ்ச்சியைப் பதிவு செய்யக் கலைஞரின் சம்மதம் வேண்டும். நாட்டார் கலையும் அதில் அடங்கும். ஒருமுறை சம்மதித்துவிட்டால் பிடி தளர்ந்துவிடும். ஆகவே உங்கள் உறுமி மேளக் குழுவை யாராவது பதிவு செய்ய வந்தால், எதற்கு, எவ்வளவு, பெயர் போடுவார்களா என்று மைக்கை வைப்பதற்கு முன் கேளுங்கள். அடித்து முடித்துச் சாப்பிட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

நம் நாட்டிலும் ஆள் இல்லாமல் இல்லை. யோகி பி-யும் நட்சத்ராவும் 2006-இல் 'வல்லவன்' ஆல்பத்தை இங்கே செய்தார்கள். தமிழ் ராப் கேட்கத் தமிழ்நாடே மலேசியாவைத் திரும்பிப் பார்த்தது. அதற்கு முன்பு பெரிய ஸ்டூடியோ வேண்டும், லட்சம் வேண்டும் என்றார்கள். இன்று பழைய மடிக்கணினியும் எஃப்எல் ஸ்டூடியோவும் போதும் என்று இங்கிருக்கும் தம்பிகளே சொல்வார்கள். செய்ததை சவுண்ட்கிளவுடில் போடலாம், பேண்ட்கேம்பில் விலை வைத்து விற்கலாம்.

இனி என்னிடம் வந்த ஒரு விஷயம். பெயர் வேண்டாம். பகலில் ஷா ஆலமில் கிடங்கு வேலை, இரவில் இசை. அப்பா லோரி ஓட்டுநர். ஒரு சாப்பாட்டுக்கடைக்காரர் விளம்பரத்துக்கு இசை கேட்டார். 250 வெள்ளி. பையன் மூன்று ராத்திரி உட்கார்ந்து செய்து கொடுத்தான். தாள் எதுவும் இல்லை, எல்லாம் வாட்ஸ்அப்பில் "ஓகே அண்ணே" தான். ஆறு மாதம் கழித்து அதே இசை கடையின் மற்றக் கிளைகளின் விளம்பரத்திலும், பிறகு வேறொருவரின் பாட்டிலும் வந்தது. பையன் கேட்டான். "காசு வாங்கிட்டியே தம்பி" என்று பதில் வந்தது.

நியாயம் பையன் பக்கம். ஆனால் சட்டம்? 26-ஆம் பிரிவைப் படித்துக் காட்டியபோது அந்த அப்பாவின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஒருவர் சொல்லிச் செய்வித்த படைப்பின் பதிப்புரிமை, செய்வித்தவருக்கே மாறிவிட்டதாகக் கருதப்படும். வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால் ஒழிய. அந்தப் பையனிடம் ஒப்பந்தம் இல்லை. தன் பெயரைப் போடச் சொல்லிக் கேட்கும் தார்மீக உரிமையை வைத்துக் கொஞ்சம் வாதாடினோம். பெயர் வந்தது, பணம் வரவில்லை.

அவன் வேலை தொடங்கும் முன் இரண்டு வரி அனுப்பியிருந்தால் போதும்: "இந்த இசையின் பதிப்புரிமை என்னிடமே இருக்கும். இந்த ஒரு விளம்பரத்துக்கு, ஓராண்டுக்கு மட்டும் நீங்கள் பயன்படுத்தலாம்." அவர் "சரி" என்று பதில் போட்டிருந்தால் கதை வேறு. தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால் இன்னும் நல்லது.

யாரும் கேட்காமல் தானாகச் செய்த இசை என்றால் நிலைமையே வேறு. செய்து பதிவான நொடியிலிருந்து அது அவனுடையது. எங்கும் பதிய வேண்டியதில்லை. ஆயுள் முழுவதும், இறந்த பிறகு இன்னும் 50 ஆண்டு, அவன் பிள்ளைகளுக்கும் உரிமை உண்டு. எழுத்து மூலம் இல்லாமல் அதை யாருக்கும் மாற்றிக் கொடுக்கவும் முடியாது. சான்று வேண்டுமென்றால் சத்தியப் பிரமாண ஆணையர் முன் ஒரு பிரமாணப் பத்திரம் செய்துகொள்ளுங்கள். 2012 முதல் மைஐபிஓ அலுவலகத்தில் விருப்பத்தின் பேரில் அறிவிக்கவும் வழி இருக்கிறது. வானொலியிலும் பேரங்காடியிலும் பாட்டு ஓடினால் படைப்பாளிக்காக வசூலிக்க 1989-இல் தொடங்கிய எம்ஏசிபி இருக்கிறது. அதில் சேரும்போதும் படித்துவிட்டுச் சேருங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகாவிட்டால் அவன் போடும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. அதனால்தான் கம்பெனிக்காரர் வீட்டுக்கு வந்து, காப்பி குடித்து, "நீங்களும் ஒரு சைன் போடுங்கம்மா" என்பார். சந்தோஷத்தில் போட்டுவிடாதீர்கள். தாளில் "உரிமம்" என்று இருக்கிறதா, "உரிமை மாற்றம்" என்று இருக்கிறதா பாருங்கள். உரிமம் என்றால் வாடகை. உரிமை மாற்றம் என்றால் விற்றாகிவிட்டது. எத்தனை ஆண்டு, எந்த நாடு, எத்தனை சதவீதம், கணக்கு எப்போது காட்டுவார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

இளையராஜாவே தன் பாடல்களுக்காக நீதிமன்றப் படி ஏறியவர்தானே. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வழக்கில் நம் நாட்டு நிறுவனம் ஒன்றும் ஒரு தரப்பு. அவருக்கு அந்தப் பாடு என்றால் அடுக்குமாடிப் பையனுக்கு என்ன பாடு என்று யோசியுங்கள்.

மாதிரி ஒப்பந்தம் ஒன்று தமிழிலும் மலாயிலும் வாசலில் இருக்கிறது, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட தாள் யாரிடமாவது இருந்தால் வெட்கப்படாமல் கொண்டு வாருங்கள். தேநீர் முடிந்ததும் பின்வரிசை மேசையில் உட்கார்ந்திருப்பேன். பையனையும் கூட்டி வாருங்கள். அவன் பாட்டையும் ஒன்று கேட்டுவிடலாம்.