விண்மீன் பிறக்கும் இடத்திலிருந்து ஓர் அலை



இரவு வானில் ஒரே வரிசையில் நிற்கும் மூன்று விண்மீன்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அக்கூட்டத்தின் பெயர் ஓரியன். அதிலுள்ள ரிகெல் என்னும் பெயர், கால் எனப் பொருள்படும் ‘ரிஜ்ல்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அம்மூன்று விண்மீன்களுக்குச் சற்றுக் கீழே ஒரு மங்கிய முகிலுண்டு. புதிய விண்மீன்கள் பிறக்கும் இடம் அது.

1965ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஹாட் கிரீக் வானொலித் தொலைநோக்கி இத்தகைய முகில்களிலிருந்து விளங்காத வானொலி அலைகளைப் பெற்றது. எந்தப் பொருள் என்று தெரியாமல், ‘மிஸ்டீரியம்’ என்றே பெயரிட்டார்கள்! பின்னர் அது ஹைட்ராக்சில் மூலக்கூறு என்பது தெளிவாயிற்று. 1969இல் நீராவியின் அலையும் கண்டறியப்பட்டது. இளம் விண்மீனின் வெப்பத்தாலும் அதிர்வாலும் மூலக்கூறுகள் உயர் ஆற்றல் நிலைக்கு ஏறி நிற்கின்றன. கடந்து செல்லும் அலை அவற்றைத் தூண்ட, ஒவ்வொன்றும் அதே அலையை வெளியிட்டு அதனைப் பெருக்குகிறது. இதுவே மேசர். சார்லஸ் டவுன்ஸ் 1954இல் ஆய்வுக்கூடத்தில் அரிதின் முயன்று அமைத்த கருவி, விண்ணில் இயற்கையாகவே இயங்கிக்கொண்டிருந்தது!

இதனால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விண்மீன் பிறக்குமிடத்தைத் தூசி மூடியிருக்கிறது; கண்ணுக்குத் தெரியும் ஒளி வெளிவருவதில்லை. வானொலி அலையோ தடையின்றி வருகிறது. மேசர் புள்ளி மிகச் சிறியது, மிகப் பிரகாசமானது. ஆகவே அதன் இடத்தை நுட்பமாகக் குறிக்க முடிகிறது.

W3(OH) என்னும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வேகத்தைக் கொண்டு கணித்தவர்கள் 13,000 ஒளியாண்டுக்கும் மேல் என்றார்கள். விண்மீன்களின் ஒளியைக் கொண்டு கணித்தவர்கள் ஏறத்தாழ அதில் பாதி என்றார்கள். சிறு வேறுபாடா இது? தூரம் இரு மடங்கு பிழைத்தால் உண்மையான பிரகாசம் நான்கு மடங்கு பிழைக்கும். விண்மீனின் எடையும் பிழைக்கும்.

ஹவாய் முதல் கரீபியத் தீவு வரை பரந்துள்ள பத்து ஆண்டெனாக்களை இணைத்து அங்குள்ள மெத்தனால் மேசரை அளந்தார்கள். பூமி சூரியனைச் சுற்றும்போது அப்புள்ளி இடம் மாறுவதாகத் தோன்றிய அளவு, 4,000 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்த ஒரு சென்டிமீட்டருக்குச் சமம். 2006இல் விடை வெளியானது: சுமார் 6,400 ஒளியாண்டு.

இவ்வாறே சுமார் 200 பகுதிகள் அளக்கப்பட்டு, நமது பால்வீதியின் சுருள் கரங்கள் 2019இல் வரைபடமாயின. அவ்வரைபடத்தில் தென்வானத்தின் பெரும்பகுதி வெறுமையாகவே இருந்தது. ஏனெனில் அளந்த ஆண்டெனாக்களில் பெரும்பாலானவை பூமியின் வடபாதியில் இருந்தன.